சூரியனுக்கு எதிர்த்திசையில் ஓர் அதிசயம்



இலங்கையின் மத்திய மலைநாட்டில் இருக்கிறது சிவனொளிபாதமலை. உயரம் 2,243 மீட்டர். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாதப் பௌர்ணமி வரை அங்கே யாத்திரைக் காலம். அந்த மாதங்களில் மஸ்கெலியாவைத் தாண்டி நல்லதண்ணி என்ற இடத்தில் நின்று இரவு வேளையில் அண்ணாந்து பார்த்தால், விளக்குகள் வரிசை வரிசையாக வானத்துக்கு ஏறிப்போவது போலத் தெரியும். அதுதான் மலைக்குப் போகும் படிக்கட்டுப் பாதை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள்.

அந்தப் படிகளில் யார் யார் ஏறுகிறார்கள்? கைத்தடி ஊன்றிய பாட்டிகள், தோளில் பிள்ளையைச் சுமந்த தகப்பன்மார்கள், சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் நம் தமிழ்ச் சகோதர சகோதரிகள், வெள்ளை உடை உடுத்திய சிங்களக் குடும்பங்கள், வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள். எல்லாரும் இரவில் ஏறுவதற்கு ஒரே காரணம்தான். விடியும்போது உச்சியில் இருக்க வேண்டும்.

எல்லாரும் கிழக்கே பார்க்கும் நேரம்

உச்சியில் இடம் குறைவு. குளிரும் காற்றும் நடுநடுங்க வைக்கும். விடியற்காலையில் அத்தனை முகங்களும் கிழக்கே திரும்பியிருக்கின்றன. அடிவானம் சிவக்கிறது. மலைத்தொடருக்கு மேலே நெருப்புத் துண்டு போலச் சூரியன் தலைகாட்டுகிறது. கைகள் குவிகின்றன. மணி ஒலிக்கிறது. கைத்தொலைபேசிகள் உயர்கின்றன. படம் எடுத்து முடிந்ததும் பலர் கீழே இறங்கத் தொடங்கிவிடுகிறார்கள். வந்த காரியம் முடிந்தது என்ற நிறைவு.

விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் அந்த நேரத்தில் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்குப் பக்கச் சுவரோரம் போகிறார்கள். அங்கே காத்திருக்கிறது இன்னொரு காட்சி.

மேற்கே விரிந்து கிடக்கும் காடு, பள்ளத்தாக்கு, பனிமூட்டம் எல்லாவற்றின் மேலும் கருநீல நிறத்தில் மாபெரும் முக்கோணம் ஒன்று விழுந்து கிடக்கிறது. கோடு போட்டு வரைந்தது போன்ற இரு பக்கங்கள். கூர்மையான நுனி. அது மலையின் நிழல். சூரியன் ஏற ஏற அந்த நிழல் குறுகி, மலையடிவாரத்தை நோக்கி வந்து, கொஞ்ச நேரத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

சில நாட்களில் மட்டும், பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் எழுந்து அருகே வரும். அப்போது கீழே படுத்திருந்த நிழல் எழுந்து நிற்பது போலத் தோன்றும். அதைவிட அபூர்வமாக, அந்த நிழலின் நுனியைச் சுற்றி வானவில் வண்ணத்தில் ஒரு முழு வட்டம் தோன்றும். ஆயிரம் பேர் ஏறினாலும் எல்லாருக்கும் கிடைக்காத காட்சி அது. பனியும் வேண்டும், வெயிலும் வேண்டும், இரண்டும் சரியான திசையில் அமையவும் வேண்டும்.

இந்தக் காட்சியைக் கண்டவர்கள் என்ன நினைத்தார்கள், என்ன செய்தார்கள் என்பதில் மனிதனைப் பற்றிய பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

முக்கோணம் எப்படி வந்தது?

சிவனொளிபாதமலையின் உச்சிப் பாறையில் பாதத்தின் வடிவம் ஒன்று இருக்கிறது. அது சிவபெருமானின் திருப்பாதம் என்கிறார்கள் சைவர்கள். புத்தரின் பாதம் என்கிறார்கள் பௌத்தர்கள். ஆதி மனிதர் ஆதாமின் பாதம் என்கிறார்கள் முஸ்லிம்கள். அப்போஸ்தலர் புனித தோமாவின் பாதம் என்று சொல்லும் கிறிஸ்துவர்களும் உண்டு. 1344ஆம் ஆண்டில் இந்த மலையேறிய மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, ஏறுவதற்குப் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சங்கிலிகளைப் பற்றித் தம் பயணக் குறிப்பில் சொல்லியிருக்கிறார்.

இத்தனை பேருக்கும் புனிதமான மலை என்பதால், அதன் நிழல் மட்டும் முக்கோணமாக விழுவதைத் தெய்வ அருளாகப் பார்த்தவர்கள் உண்டு. மலையே கூம்பு வடிவம்தானே, நிழலும் அப்படித்தானே விழும் என்று சொன்னவர்களும் உண்டு. உண்மை இந்த இரண்டு பேச்சுக்கும் அப்பால் இருக்கிறது.

நம் நாட்டில் கினாபாலு மலை இருக்கிறது. சபா மாநிலத்தில், 4,095 மீட்டர் உயரத்தில். அதன் உச்சி கூம்பு வடிவம் அல்ல. உடைந்த பல்வரிசை போலப் பல சிகரங்கள். ஆனால், நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டு, விடியும்போது அதன் உச்சியில் நின்று மேற்கே பார்ப்பவர்களுக்கும் நிழல் முக்கோணமாகத்தான் தெரிகிறது! ஜப்பானின் பியூஜி மலையிலும் அப்படித்தான். மலை எந்த வடிவத்தில் இருந்தாலும் இந்தக் கதைதான்.

காரணம் என்ன? ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மர வரிசைகளுக்கு நடுவே நின்று நேராகப் பார்த்தால், இரண்டு பக்கத்து மரங்களும் தூரத்தில் ஒன்று சேர்வது போலத் தெரியும். உண்மையில் அவை சேர்வதில்லை. இரண்டு வரிசைக்கும் இடையே உள்ள அகலம் கடைசி வரை ஒன்றுதான். தூரம் கூடக்கூட அந்த அகலம் கண்ணுக்குச் சுருங்கித் தெரிகிறது.

மலை நிழலும் அப்படித்தான். சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது நிழல் பல பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு நீண்டு கிடக்கிறது. உச்சியில் நிற்பவர் அந்த நீளமான நிழலை அதன் தலைமாட்டில் நின்று பார்க்கிறார். அருகில் உள்ள பகுதி அகலமாகவும், தூரத்தில் உள்ள பகுதி குறுகியும் தெரிகிறது. கடைசியில் ஒரு புள்ளியில் முடிகிறது. அந்தப் புள்ளி எது? சூரியனுக்கு நேர் எதிரே, பார்ப்பவரின் தலையின் நிழல் விழ வேண்டிய இடம் அது. உச்சியை விட்டுச் சற்றுத் தள்ளிச் சரிவில் நின்று பார்த்தால் அதே முக்கோணம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரியும்.

ஆக, அந்த முக்கோணத்தில் மலைக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு பார்க்கிறவருக்கும் உண்டு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நிழல் எழுந்து நின்ற காலை

நிழல் எழுந்து நிற்பது ஏன் என்ற கேள்வி 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்களை விடவில்லை. 1876இல் ரிச்சர்ட் அபே என்ற ஆங்கிலேயர், பாலைவனக் கானல் நீர் போன்ற ஒரு தோற்றமே இது என்று விளக்கம் எழுதினார். வெப்பமான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காக இருக்கும்போது ஒளி வளைந்து போவதால் நிழல் மேலே எழும்பித் தெரிகிறது என்பது அவர் கருத்து. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

பத்து ஆண்டுகள் கழித்து ரால்ஃப் அபர்கிராம்பி என்ற வானிலை ஆய்வாளர் இலங்கைக்கு வந்தார். உலகமெல்லாம் சுற்றி மேகங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தவர். 1886 பிப்ரவரியில் அவர் தோழர்களுடன் சிவனொளிபாதமலை உச்சியில் இரவைக் கழித்துவிட்டு விடியலுக்காகக் காத்திருந்தார்.

அன்றைய காலை நம்பிக்கை தரவில்லை. எங்கும் கனத்த மேகம். தூரத்தில் மின்னல். பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் எழுந்து வந்து அடிக்கடி உச்சியையே மூடியது. வேறு யாராக இருந்தாலும் இன்றைக்கு ஒன்றும் தெரியாது என்று இறங்கியிருப்பார்கள். ஆறரை மணி அளவில் மேகங்களின் இடுக்கிலிருந்து சூரியன் எட்டிப் பார்த்தது. மேற்கே கூர்மையான நிழல் விழுந்தது. அதன் நுனியைச் சுற்றி வண்ண வட்டம் பிறந்தது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? தம் கைகளைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். அந்த வண்ண வட்டத்தின் நடுவே பிரம்மாண்டமான நிழல் கைகள் ஆடின! வட்டத்துக்குள் இருப்பது தம் நிழல்தான் என்பது அந்த ஓர் அசைவில் உறுதியாயிற்று. நிழல் எழுவதும் படுப்பதும் எப்போது நடக்கிறது என்று பொறுமையாகப் பார்த்தார். பனிமூட்டம் அருகே வந்தபோது நிழல் அதன் மேல் விழுந்து உயரே எழுந்தது. பனி விலகியபோது நிழல் பழையபடி தரையில் படுத்துக்கொண்டது. வெப்பநிலைக் கணக்கும் கானல் நீர் விளக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. சினிமாத் திரையை அருகில் கொண்டுவந்தால் படம் அதன் மேல் விழுவது போல, பனிமூட்டமே அங்கே திரையாக நின்றது. அவ்வளவுதான்.

கையை ஆட்டிப் பார்த்தது சின்னக் காரியம். அதற்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. 'இது என்ன?' என்ற கேள்வியோடு, 'இதில் என் பங்கு என்ன?' என்ற கேள்வியும் அவருக்கு வந்தது. அதுதான் முக்கியம்.

தலையைச் சுற்றி ஒளிவட்டம்

அந்த வண்ண வட்டம் எப்படி உண்டாகிறது? அது வானவில் அல்ல. வானவில்லுக்குக் காரணம் மழைத்துளிகள். அது பெரியது. சூரியனுக்கு நேர் எதிரே உள்ள புள்ளியிலிருந்து 42 பாகை தள்ளி வளைகிறது. இந்த வட்டமோ மிகச் சிறியது. மூடுபனியில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளால் உண்டாவது. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு அளவில்தான் அந்தத் துளிகள் இருக்கும்.

சூரிய ஒளி அந்தத் துளிகளில் பட்டு, வந்த வழியே திரும்பிப் போகிறது. அப்படித் திரும்பும்போது ஒளி அலைகள் ஒன்றோடு ஒன்று கலந்து சில இடங்களில் வலுப்பெறுகின்றன. சில இடங்களில் அடங்கிப்போகின்றன. ஒவ்வொரு வண்ணத்துக்கும் அது ஒவ்வோர் இடத்தில் நடப்பதால் வளையங்கள் தோன்றுகின்றன. வெளிப்புறம் சிவப்பு, உட்புறம் நீலம். சில வேளைகளில் இரண்டு மூன்று வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிவதும் உண்டு. துளி சிறிதானால் வட்டம் பெரிதாகும். துளிகள் பல அளவில் கலந்திருந்தால் வண்ணங்கள் குழம்பி மறைந்துவிடும். அதனால்தான் இது அபூர்வம்.

ஆங்கிலத்தில் இதற்கு 'குளோரி' என்று பெயர். பனித்திரையில் பூதாகாரமாகத் தெரியும் நிழலுக்கு 'புரோக்கன் பூதம்' என்று பெயர். ஜெர்மனியில் உள்ள புரோக்கன் மலையில் அதைக் கண்டு 1780இல் சில்பர்ஷ்லாக் என்பவர் எழுதி வைத்ததால் வந்த பெயர் அது. பூமியில் மட்டும் என்றில்லை. 2011இல் ஐரோப்பிய விண்வெளி முகமையின் வீனஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம், வெள்ளிக் கோளின் மேகங்களின் மேலும் இந்த ஒளிவட்டத்தைப் படம் பிடித்தது.

ஆறேழு பேரில் ஒவ்வொருவருக்கும்

1730களில், பூமியின் உண்மையான வடிவத்தை அளந்து அறிய பிரான்சிலிருந்து ஒரு குழு தென் அமெரிக்காவுக்குப் போனது. இன்றைய எக்குவடோர் நாட்டு மலைகளில் அவர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். அந்தக் குழுவில் அந்தோனியோ தெ உல்லோவா என்ற ஸ்பெயின் நாட்டு இளைஞரும் இருந்தார்.

ஒரு நாள் விடியற்காலையில் பம்பமார்கா என்ற மலையில் அவர்கள் ஆறேழு பேர் சேர்ந்து நின்றிருந்தார்கள். மலையை மூடியிருந்த மேகம் சூரியன் எழுந்ததும் கலைந்தது. சூரியனுக்கு எதிர்ப்பக்கம் மெல்லிய பனித்திரை மட்டும் மிச்சமிருந்தது. அதில் ஒவ்வொருவரும் தங்கள் உருவத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலக் கண்டார்கள். தலையைச் சுற்றி வண்ண வளையங்கள்.

உல்லோவா எழுதிய குறிப்பில் உள்ள வியப்பான செய்தி இதுதான்: அத்தனை பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றும், ஒவ்வொருவருக்கும் அந்த ஒளிவட்டம் தம் தலையைச் சுற்றி மட்டுமே தெரிந்தது. அடுத்தவர் தலையில் இல்லை!

யோசித்துப் பாருங்கள். ஆறு பேரில் ஒருவர் மட்டும் அங்கே தனியாக நின்றிருந்தால் என்ன நினைத்திருப்பார்? கடவுள் தம்மை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று நினைத்திருக்கலாம். ஆறு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் கீழே இறங்கியிருந்தால்? ஆறு பேரும் தனித்தனியே அப்படி நினைத்திருப்பார்கள். வாயைத் திறந்து, 'உனக்கு எங்கே தெரிகிறது?' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதால்தான் உண்மை வெளிவந்தது.

தனக்கு மட்டும் என்று நம்பியவர்

அப்படிக் கேட்டுத் தெளியாத ஒருவரின் கதையும் உண்டு. பென்வெனுத்தோ செல்லினி, 16ஆம் நூற்றாண்டு இத்தாலியின் புகழ்பெற்ற பொற்கொல்லர், சிற்பி. சிறையில் அடைபட்டுக் கிடந்தபோது தெய்வக் காட்சிகளைக் கண்டதாகத் தம் சுயசரிதையில் எழுதியவர். அதன் பிறகு தம் தலைக்கு மேல் ஓர் ஒளி தங்கிவிட்டது என்றும் சொல்கிறார். அந்த ஒளி எப்போது தெரியும்? காலையில் சூரியன் எழுந்த பிறகு, தம் நிழலின் தலைப்பகுதியில். புல்லில் பனி ஈரம் இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியுமாம்.

இன்றைய அறிவியல் மாணவர் இதைப் படித்தால் புன்னகை செய்வார். புல் நுனியில் நிற்கும் பனித்துளி ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கண்ணாடி வில்லை. சூரிய ஒளியைக் குவித்துப் புல்லில் பட வைத்து, வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. அதனால் பார்ப்பவரின் தலை நிழலைச் சுற்றி ஒரு வெண்மையான ஒளி தெரிகிறது. பள்ளித் திடலில் விடியற்காலையில் யார் நின்றாலும் அவர் தலைக்கும் அந்த ஒளி உண்டு. செல்லினிக்கு இருந்த அதே ஒளி, திடலில் புல்வெட்ட வந்தவருக்கும் உண்டு.

செல்லினி கெட்டிக்காரக் கலைஞர். கூர்மையான கண் உள்ளவர். பனி ஈரம் இருந்தால் கூடுதலாகத் தெரிகிறது என்பதைக்கூடக் கவனித்துவிட்டார். கவனித்தவர், 'ஏன் பனி?' என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தம் பெருமை கரைந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்ததோ என்னவோ!

பாறை விளிம்பில்

செல்லினியின் நம்பிக்கையால் யாருக்கும் கேடு இல்லை. சீனாவின் எமெய் மலையில் நடந்தது அப்படியல்ல.

எமெய் மலை 3,099 மீட்டர் உயரம். பௌத்தர்களின் புனிதத் தலம். அதன் பொன்னுச்சியில் நின்று கீழே பார்த்தால் பல நாட்களில் மேகக்கடல்தான் தெரியும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்போது அந்த மேகத்தின் மேல் பார்ப்பவரின் நிழலைச் சுற்றி இந்த ஒளிவட்டம் தோன்றும். அதைப் 'புத்தர் ஒளி' என்று பல நூற்றாண்டுகளாக அழைத்து வருகிறார்கள். கலை நயத்தோடும் பக்தியோடும் வைத்த பெயர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அங்கே உள்ள செங்குத்தான பாறைக்கு 'உயிர்த்தியாகப் பாறை' என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. ஒளிவட்டத்துக்குள் தம் உருவத்தைக் கண்ட பக்தர்களில் சிலர், புத்தர் தம்மை அழைக்கிறார் என்று நம்பி அந்த விளிம்பிலிருந்து கீழே பாய்ந்தார்கள். அழைத்தது வேறு யாருமல்ல. அவர்களுடைய சொந்த நிழல். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் நின்று, 'ஐயா, எனக்கும் அப்படித்தான் தெரிகிறது, கையை ஆட்டிப் பாருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும்.

அது பழைய காலம் என்று தள்ளிவிட வேண்டாம். மேகத்தில் தெரியும் உருவம், சுவரில் படியும் ஒளி, சூரியனைச் சுற்றிய வளையம் என்று இன்றும் எத்தனையோ படங்கள் கைத்தொலைபேசி வழியாக வீடு வீடாகப் போகின்றன. 'உடனே இருபது பேருக்கு அனுப்புங்கள்' என்று கீழே ஒரு கட்டளை வேறு. அனுப்புவதற்கு முன், இதை இன்னோர் இடத்தில் நின்று பார்த்தவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கேள்வி கேட்கக் கூடாதா?

கேள்வியைக் கீழே கொண்டுவந்தவர்

இப்போது ஸ்காட்லாந்துக்குப் போவோம். அங்கே பென் நெவிஸ் என்று ஒரு மலை. 1,345 மீட்டர்தான். அதன் உச்சியில் 1883 முதல் 1904 வரை ஒரு வானிலை ஆய்வுக்கூடம் இருந்தது. 1894 செப்டம்பரில் அங்கே சில நாட்கள் வேலை பார்க்க ஓர் இளைஞர் போனார். பெயர் சார்ல்ஸ் வில்சன். வயது 25. ஒரு விவசாயியின் மகன். நாலு வயதில் தகப்பனை இழந்தவர்.

மலையுச்சியில் நின்ற வில்சன், கீழே மேகத்தின் மேல் விழுந்த நிழலையும் அதைச் சுற்றிய வண்ண வளையங்களையும் கண்டு மெய்மறந்தார். அவர் அதைத் தமக்கு வந்த அழைப்பாக நினைக்கவில்லை. கண்டு ரசித்துவிட்டு மறக்கவும் இல்லை. இதே அழகை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அடுத்த ஆண்டிலேயே ஒரு கண்ணாடிக் கலத்துக்குள் செயற்கை மேகம் செய்யத் தொடங்கினார். ஈரக்காற்றைத் திடீரென்று விரிய விட்டால் அது குளிர்ந்து மேகம் உண்டாகும். தூசு இருந்தால்தான் துளி பிறக்கும் என்று அதுவரை நம்பினார்கள். தூசே இல்லாத காற்றிலும், போதிய அளவு விரிய விட்டால், துளி பிறப்பதை வில்சன் கண்டார். மின்னேற்றம் பெற்ற நுண்துகள்களைச் சுற்றித் துளிகள் கூடுகின்றன என்பது புரிந்தது. அப்படியானால், கண்ணுக்கே தெரியாத ஓர் அணுத்துகள் அந்தக் காற்றின் ஊடே பாய்ந்தால்? அது போன வழியெல்லாம் துளிகள் கோடாக நிற்குமே! 1911இல் வில்சன் அந்தக் கோடுகளைப் படம் எடுத்துக் காட்டினார். ஆகாய விமானம் போன தடத்தில் வெள்ளைக் கோடு நிற்கிறதே, அதைப் போல.

அதுவரை கணக்கில் மட்டும் இருந்த அணுத்துகள்களின் பாதையை மனிதன் கண்ணால் பார்த்தான். 1927இல் வில்சனுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1932இல் கார்ல் ஆண்டர்சன் என்ற அமெரிக்கர் பாசிட்ரான் என்னும் புதிய துகளைக் கண்டுபிடித்ததும் இந்த 'மேக அறை' வழியாகத்தான்.

ஒரு மலையில் சில நாட்கள் கண்ட ஒளியிலிருந்து எத்தனை பெரிய கதவு திறந்திருக்கிறது பாருங்கள். அதே ஒளிதான் செல்லினிக்குக் கர்வத்தைக் கொடுத்தது என்று சொல்ல முடியாது. அது பனித்துளி ஒளி. ஆனால் அதே மேக ஒளிவட்டம்தான் எமெய் மலையில் சிலரைப் பாதாளத்துக்குக் கொண்டுபோனது. காட்சி ஒன்று. பார்த்த மனம் வேறு.

நாமும் பார்க்கலாம்

இதற்கு எல்லாரும் இலங்கைக்கோ ஸ்காட்லாந்துக்கோ போக வேண்டியதில்லை. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ விமானத்தில் போகும்போது, சூரியன் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னலோர இருக்கையில் உட்காருங்கள். விமானத்தின் நிழல் மேகத்தின் மேல் விழும் இடத்தில் ஒரு சின்ன வண்ண வட்டம் கூடவே ஓடி வருவதைப் பார்க்க வாய்ப்புண்டு. கூர்ந்து பார்த்தால், அந்த வட்டத்தின் நடுப்புள்ளி விமானத்தின் எந்தப் பகுதியில் விழுகிறதோ, அங்கேதான் உங்கள் இருக்கை. முன்னால் உட்கார்ந்தவருக்கு முன்பகுதியில் விழும். பின்னால் உட்கார்ந்தவருக்கு வால்பகுதியில் விழும். ஒரே விமானத்தில் நூறு பேர் பார்த்தால் நூறு வட்டம்!

கேமரன் மலையில், கெந்திங் மலையில், கினாபாலுவில் விடியலைப் பார்க்கப் போகிறவர்கள் சூரியன் எழுந்தவுடன் ஒரு முறை திரும்பி நின்று பள்ளத்தாக்கைப் பாருங்கள். பனிமூட்டம் கீழே இருக்க வேண்டும், வெயில் உங்கள் முதுகில் பட வேண்டும். வேலியைத் தாண்டி விளிம்புக்குப் போக வேண்டாம். ஏறிவரும் சூரியனை நேராக உற்றுப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. இந்தக் காட்சிக்கோ சூரியனைப் பார்க்கவே தேவையில்லை.

அதுவும் முடியாதவர்கள், பனி விழுந்த காலையில் பிள்ளைகளைப் பக்கத்துத் திடலுக்கு அழைத்துப் போய் அவரவர் நிழலின் தலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணன் தலையில்தான் ஒளி என்று அண்ணன் சொல்வான். இல்லை, என் தலையில்தான் என்று தங்கை சொல்வாள். சண்டை வரும். வரட்டும். இருவர் சொல்வதும் உண்மை என்று அவர்களுக்கு விளங்கவைக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

காரணம் தெரிந்தால் அழகு போய்விடுமா?

சிலருக்கு ஒரு வருத்தம் வரலாம். எல்லாவற்றையும் நீர்த்துளி, ஒளி அலை என்று சொல்லிவிட்டால் பக்தி என்னாவது, வியப்பு என்னாவது?

அபர்கிராம்பி காரணத்தைச் சொல்லி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. சிவனொளிபாதமலையில் ஏறும் கூட்டம் குறையவில்லை. தேயிலைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முழங்கால் வலியோடு இரவெல்லாம் படியேறும் ஒரு தாய், அந்த மலைக்கு எடுத்துச் செல்லும் அன்பை எந்த ஒளியியல் கணக்கும் குறைக்கப் போவதில்லை. வில்சனின் வியப்பும் காரணம் தெரிந்த பிறகு வற்றிப்போகவில்லை. காரணம் தேடும்படி அவரைக் கைப்பிடித்து அழைத்துப் போனதே அந்த வியப்புதான்.

காரணம் தெரிந்தால் போவது ஒன்றே ஒன்று. 'இது எனக்கு மட்டும்' என்ற எண்ணம். அது போகட்டும், நல்லதுதான்.

ஒரே பாறையில் உள்ள ஒரே பாதத்தை நான்கு சமயத்தார் நான்கு பெயர் சொல்லி வணங்கும் மலை அது. அதன் மேற்குச் சுவரோரம், பனிமூட்டம் எழுந்து வரும் ஒரு காலையில், நான்கு வீட்டார் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ஒவ்வொருவருக்கும் ஒளிவட்டம் தம் தலையைச் சுற்றித்தான் தெரியும். அடுத்தவர் தலையில் இருப்பதை எவராலும் பார்க்க முடியாது. அங்கே எதுவும் இல்லை என்று முடிவுகட்டிவிட்டு இறங்கிவிடலாம். அல்லது, உல்லோவாவும் அவர் தோழர்களும் செய்தது போல, பக்கத்தில் நிற்பவரைக் கேட்கலாம்.

அடுத்த முறை எங்காவது விடியலைப் பார்க்கப் போனால், சூரியனை வணங்கிய பிறகு ஒரு முறை திரும்பிப் பாருங்கள். ஒளிவட்டம் தெரிந்தால், பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள்: 'உங்களுக்கு எங்கே தெரிகிறது?'